மாத்திரை வாங்குகிறோம், போடுகிறோமா?

சர்க்கரை நோய் மருந்துகள் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளும் பதில்களும்

என் மாமனாருக்கு 64 வயது. பன்னிரண்டு வருடமாகச் சுகர். இந்த ஒரு வருடத்தில் மட்டும் டாக்டர் மூன்று முறை மாத்திரையைக் கூட்டிவிட்டார். மூன்று மாதச் சராசரி சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி 9.4க்குக் கீழே இறங்கவே இல்லை. போன வாரம் பீரோவைத் துடைத்தபோது பிரிக்காத மாத்திரை அட்டைகள் பதினொன்று கிடைத்தன. அவரிடம் கேட்கவே பயமாக இருக்கிறது. டாக்டரிடம் சொல்லலாமா?
*வாசகி, கரூர்*

சொல்லியே ஆக வேண்டும். அந்தப் பதினோரு அட்டைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டே போங்கள்.

கணக்கைப் பாருங்கள். அட்டைக்குப் பத்து என்றால் 110 மாத்திரை. நாளுக்கு இரண்டு வீதம் 55 நாள் மருந்து வயிற்றுக்குப் போகாமல் பீரோவில் இருந்திருக்கிறது. டாக்டருக்குத் தெரிவது 9.4 என்ற எண் மட்டும்தான். மருந்து போதாமல் ஏறியதா, போடாமல் ஏறியதா என்று ரத்தப் பரிசோதனைத் தாள் சொல்லாது. அதனால் அவர் கூட்டுகிறார், மாமனாருக்கு அட்டை இன்னும் சேருகிறது.

இதில் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. நாளைக்கே காய்ச்சலுக்கோ ஹெர்னியா ஆபரேஷனுக்கோ அவர் ஆஸ்பத்திரியில் படுத்தால், சீட்டில் எழுதியிருக்கிற அத்தனையையும் நர்ஸ் நேரம் தவறாமல் கொடுப்பார். பாதி மருந்துக்குப் பழகிய உடம்புக்கு முழு மருந்தும் போனால் நடு ராத்திரியில் சர்க்கரை தாழ்ந்து மயக்கம் வரும். நீங்கள் ஆர்வத்தில் நாளை முதல் எல்லாவற்றையும் எண்ணிக் கையில் கொடுக்க ஆரம்பித்தாலும் இதேதான் நடக்கும். டாக்டரைப் பார்க்கும்வரை அதைச் செய்யாதீர்கள். உண்மை தெரிந்தால் அவரே பட்டியலைச் சுருக்கி, குறைந்த அளவிலிருந்து திரும்பத் தொடங்குவார்.

மீந்திருப்பது எந்த மாத்திரை என்று அட்டையின் பின்பக்கம் படித்துப் பாருங்கள். பிராண்டு பெயரை விட்டுவிடுங்கள், அதற்கு அடியில் சின்ன எழுத்தில் இருக்கும் மருந்தின் பெயர்தான் முக்கியம். மெட்பார்மின் மட்டும் மீந்திருந்தால் பெரும்பாலும் வயிற்றுக் கோளாறு. கிளிமிபிரைடு, கிளிக்லசைடு மீந்திருந்தால், என்றோ ஒரு நாள் சர்க்கரை தாழ்ந்து வியர்த்து நடுங்கிப் பயந்திருப்பார். இருப்பதிலேயே விலை கூடிய மாத்திரை மட்டும் மீந்திருந்தால் காசு. ராத்திரி மாத்திரை மட்டும் மீந்திருந்தால், சாப்பிட்டு டிவி முன்னால் தூங்கிப்போகிறார். எல்லாமே சரிசமமாக மீந்திருந்தால் மருந்தின் மேலேயே நம்பிக்கை இல்லை. அந்தக் கடைசி வகையில்தான் பேச்சு அதிகம் தேவைப்படும். மற்றவற்றுக்கு மாற்று வழி உண்டு.

கேட்கும்போது “ஒழுங்கா மாத்திரை போடுறீங்களா மாமா?” என்று கேட்காதீர்கள். அதற்கு “போடுறேம்மா” என்பதைத் தவிர வேறு பதில் இந்த ஊரில் கிடையாது. “போன வாரத்துல எத்தனை வேளை விட்டுப்போச்சு மாமா? காலைலயா, ராத்திரியா?” என்று கேளுங்கள். விட்டுப்போவது சகஜம்தான் என்ற தொனி அதில் இருக்கிறது, அதனால் உண்மை வரும். சகஜம்தானே? நீண்டகால நோய்களுக்கான மருந்தைச் சரிவரச் சாப்பிடுவோர் வளர்ந்த நாடுகளிலேயே சுமார் பாதிப் பேர்தான் என்று உலக சுகாதார நிறுவனம் 2003லேயே எழுதியது.

நான் பேருந்து ஓட்டுநர். அதிகாலை நாலரைக்கு டிப்போவில் இருக்க வேண்டும். மெட்பார்மின் போட்டால் வழியில் வயிறு கலக்குகிறது. கிளிமிபிரைடு போட்டால் பத்து மணி வாக்கில் கை நடுங்கி வியர்க்கிறது. அதனால் ட்யூட்டி நாளில் எதையும் போடுவதில்லை, லீவு நாளில் மட்டும் போடுகிறேன். தவறா?
*வாசகர், திருச்சி*

ஸ்டீயரிங் பிடித்தவர் சர்க்கரை தாழ்ந்துவிடக் கூடாது என்று பயப்படுவது நியாயம். ஆனால் நீங்கள் மாத்திரையைக் கடிகாரத்தோடு சேர்த்துப் போட்டுக்கொண்டிருக்கிறீர்கள். அதைச் சாப்பாட்டோடு சேர்க்க வேண்டும்.

கிளிமிபிரைடு கணையத்தை நெருக்கி இன்சுலினைச் சுரக்க வைக்கும். நீங்கள் சாப்பிட்டீர்களா என்று அது பார்க்காது. நாலு மணிக்கு டீயோடு போட்டுவிட்டு ஒன்பதரைக்கு இட்லி சாப்பிட்டால், நடுவில் உள்ள ஐந்தரை மணி நேரமும் அது வேலை செய்துகொண்டே இருக்கும். டீயும் இரண்டு பிஸ்கட்டும் சாப்பாட்டுக் கணக்கில் வராது. அன்றைய முதல் முழுச் சாப்பாடு எதுவோ, அதற்கு உட்காரும் முன்புதான் அந்த மாத்திரை. அந்தச் சாப்பாடு இல்லையென்றால் மாத்திரையும் இல்லை. உங்கள் ஷிப்டு நேரத்தை ஒரு தாளில் எழுதி டாக்டரிடம் காட்டுங்கள். சர்க்கரையைத் தாழ்த்தும் அபாயம் குறைந்த சிட்டாகிளிப்டின், வில்டாகிளிப்டின் போன்றவற்றுக்கு மாற்ற முடியுமா என்று கேளுங்கள். ஓட்டுநர் என்று சொல்லாவிட்டால் அவர் எப்படி யோசிப்பார்?

அடுத்து மெட்பார்மின். வயிறு கலக்குவதற்குப் பெரும்பாலும் மூன்று காரணங்கள். வெறும் வயிற்றில் போடுவது, எடுத்த எடுப்பில் பெரிய அளவில் தொடங்குவது, உடனே கரையும் சாதாரண மாத்திரையாக இருப்பது. வழக்கமான முறை இது: ராத்திரிச் சாப்பாட்டின் நடுவிலோ முடித்த உடனோ 500 மில்லிகிராம் ஒன்று. வயிறு ஏற்றுக்கொண்டால் ஒரு வாரம் கழித்து இன்னொன்று. இப்படி வாரத்துக்கு ஒரு படியாக ஏறுவது. மெதுவாகக் கரையும் எஸ்.ஆர். வகை வயிற்றை அவ்வளவு படுத்தாது. அதை முழுதாக விழுங்க வேண்டும், உடைக்கவோ மெல்லவோ கூடாது. சில நாள் மலத்தில் மாத்திரை அப்படியே வெளியே வந்தது போலத் தெரியும். மருந்து உள்ளே இறங்கிய பிறகு மிஞ்சும் வெறும் கூடு அது, பயப்பட வேண்டாம்.

ட்யூட்டி முடிந்து வீட்டில் சாப்பிடும் சாப்பாட்டோடு எஸ்.ஆர். மாத்திரையை வைத்துக்கொண்டால் வழியில் கழிப்பறை தேடும் கவலை பெரும்பாலும் தீரும். அப்படியும் சட்டைப்பையில் குளுக்கோஸ் பொட்டலம் இருக்கட்டும். நடுக்கம், திடீர் வியர்வை, கண் மங்கல் வந்தால் வண்டியை ஓரம் கட்டிவிட்டு மூன்று டீஸ்பூன் அளவு சாப்பிடுங்கள். கால் மணி நேரம் கழித்து ரத்தச் சர்க்கரையைப் பாருங்கள். 70க்குக் கீழேயே இருந்தால் மறுபடி அதே அளவு. அதற்குப் பிறகும் நிதானமாக ஒரு சாப்பாடு முடித்துத் தெளிந்த பிறகுதான் வண்டியை எடுக்க வேண்டும்.

சுகர் ஏறினால் எனக்கே தெரிந்துவிடும். அப்போது மட்டும் போட்டால் போதாதா?
*வாசகர், வேலூர்*

தெரியாது. சிறுநீரில் சர்க்கரை இறங்கி, அடிக்கடி போவதும் தாகமும் தெரிய ரத்தச் சர்க்கரை பொதுவாக 180ஐத் தாண்ட வேண்டும். நெடுநாள் 250இல் இருப்பவருக்கு அதுவே பழகி, ஒன்றும் தோன்றாது. சொல்லப்போனால் சிகிச்சை தொடங்கி 130க்கு வரும்போதுதான் “உடம்பு தளர்வாக இருக்கிறது” என்பார்கள். கண்ணும் சிறுநீரகமும் கால் நரம்பும் கெடுவது சத்தம் போடாமல்தான். மெட்பார்மினும் தலைவலி மாத்திரை போல அரை மணியில் பலன் காட்டுவதில்லை. கல்லீரல் சர்க்கரையை வெளியே விடுவதை நாள்கணக்கில் அது அடக்கிக்கொண்டு வரும். விட்டு விட்டுப் போட்டால் பக்கவிளைவு மட்டும் ஒவ்வொரு முறையும் புதிதாக வரும்.

பிரிட்டனில் 1977இல் தொடங்கி ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட புதிய நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்த ஓர் ஆய்வு உண்டு. ஆரம்ப வருடங்களில் சர்க்கரையை நன்றாகக் கட்டுப்படுத்தியவர்களுக்கு, பிற்பாடு அவர்களுடைய எண்களும் மற்றவர்களுடைய எண்களும் ஒன்றாகிவிட்ட பிறகும், பத்து வருடம் வரை அதன் பலன் நின்றது என்று 2008இல் தெரிய வந்தது. ஆகவே நோய் புதிதாக இருக்கும்போது விடுகிற மாத்திரைக்குத்தான் விலை அதிகம். “இப்போதான் வந்திருக்கு, கொஞ்ச நாள் பார்ப்போம்” என்பது தலைகீழ்க் கணக்கு.

பரிசோதனை நாளில் மாத்திரை போடலாமா?
*வாசகி, தாம்பரம்*

வெறும் வயிற்று ரத்தம் கொடுக்கும்வரை வேண்டாம். கொடுத்த பிறகு வழக்கமான மாத்திரையோடு வழக்கமான காலைச் சாப்பாடு, முதல் கவளத்திலிருந்து இரண்டு மணி நேரம் எண்ணி அடுத்த ரத்தம். பலர் அன்று மாத்திரையை விட்டுவிடுகிறார்கள், எண் எகிறுகிறது, டாக்டர் மருந்தைக் கூட்டுகிறார். நேர்மாறாக, முந்தைய ஒரு வாரம் மட்டும் ஒழுங்காகப் போட்டுப் பத்தியம் இருந்து போகிறவர்களும் உண்டு. அன்றைய சர்க்கரை நன்றாக வரும், எச்பிஏ1சி காட்டிக்கொடுத்துவிடும். சிவப்பணு ஏறக்குறைய 120 நாள் உயிரோடு இருக்கிறது. அதில் ஒட்டிய சர்க்கரை ஒரு வாரத்தில் உதிராது.

இங்கிலீஷ் மாத்திரை கிட்னியைக் கெடுக்கும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். அப்பா அதனாலேயே மெட்பார்மினை நிறுத்திவிட்டார்.
*வாசகர், ராஜபாளையம்*

பழி இடம் மாறி விழுந்திருக்கிறது. சிறுநீரகத்தைக் கெடுப்பது கட்டுப்படாத சர்க்கரையும் ரத்த அழுத்தமும். கிட்னி பழுதான பிறகு டாக்டர் மெட்பார்மினை நிறுத்துவார், ஏனென்றால் அது சிறுநீரகம் வழியாகத்தான் வெளியேறுகிறது, வெளியேற முடியாமல் தேங்கினால் ரத்தத்தில் அமிலம் சேரலாம். பக்கத்து வீட்டுக்காரர் கண்ணில் படுவது “கிட்னி போச்சு, மாத்திரையை நிறுத்திட்டாங்க” என்பதுதான். காரணமும் விளைவும் அங்கே இடம் மாறிவிடுகின்றன.

ரத்தத்தில் அப்பாவின் கிரியாட்டினின் அளவைப் பார்த்து, சிறுநீரகம் எவ்வளவு வடிகட்டுகிறது என்று அதிலிருந்து கணக்கிடும் இ-ஜிஎஃப்ஆர் எண்ணைக் கேளுங்கள். 45க்கு மேல் என்றால் பொதுவாகத் தடை இல்லை. 30க்கும் 45க்கும் நடுவில் அளவைக் குறைப்பார்கள், 30க்குக் கீழே நிறுத்துவார்கள். பல வருடம் மெட்பார்மின் எடுப்பவர்களுக்கு உண்மையிலேயே குறையக்கூடியது வைட்டமின் பி12. கால் மரத்துப்போவதை எல்லாம் சர்க்கரை மேலேயே போடாமல் அதையும் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

கிட்னிக்குப் பயந்து மெட்பார்மினை நிறுத்தியவர்களில் சிலர் மூட்டு வலிக்குக் கடையில் வாங்கும் வலி மாத்திரையை மட்டும் தினமும் போடுவார்கள். அது உண்மையிலேயே கிட்னியைக் கெடுக்கும்.

மாதக் கடைசியில் கையில் காசு இருக்காது. மாத்திரையைப் பாதியாக உடைத்து இரண்டு நாளுக்கு வைத்துக்கொள்கிறேன்.
*வாசகி, கடலூர்*

எஸ்.ஆர்., எக்ஸ்.ஆர். என்று எழுதியிருந்தால் உடைக்கவே கூடாது. மணிக்கணக்கில் இறங்க வேண்டிய மருந்து ஒரேயடியாக இறங்கிவிடும். மற்றதையும் இப்படிப் பங்கு போடுவதைவிட டாக்டரிடம் “மாதம் இவ்வளவுதான் முடியும்” என்று தொகையைச் சொல்வது மேல். சீட்டு எழுதுகிற பலருக்கு நீங்கள் கடையில் என்ன கொடுக்கிறீர்கள் என்பதே தெரியாது.

அரசு ஆஸ்பத்திரியிலும் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் மெட்பார்மின் போன்ற அடிப்படை மாத்திரைகளும் இன்சுலினும் இலவசம். அலைய முடியாதவர்களுக்காகத்தான், தன்னார்வலர்கள் வீட்டுக்கே வந்து மருந்து தரும் மக்களைத் தேடி மருத்துவம் என்ற அரசுத் திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்டது. அதற்கு முன் 2020இல் தமிழகத்தில் எடுத்த கணக்கெடுப்பில் சர்க்கரை நோயாளிகளில் 10.8 சதவீதம் பேருக்குத்தான் நோய் கட்டுக்குள் இருந்தது. உங்கள் பகுதித் தன்னார்வலரிடம் பெயரைப் பதிந்துகொள்ளுங்கள். வெளியில் வாங்குவதென்றால் ஜன் ஔஷதி கடைகளும், 2025 பிப்ரவரியில் திறந்த முதல்வர் மருந்தகங்களும் இருக்கின்றன. சிட்டாகிளிப்டின், டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் மூன்றுக்கும் இந்தியாவில் காப்புரிமை முடிந்துவிட்டதால் விலை நன்றாக இறங்கியிருக்கிறது. பழைய சீட்டில் விலை கூடிய பிராண்டு இருந்தால் அதே மருந்து வேறு பெயரில் கிடைக்குமா என்று கேளுங்கள்.

ஒரு எச்சரிக்கை. அரசு மாத்திரையும் தனியார் மாத்திரையும் கலந்து வாங்குகிறவர்கள் ஒரே மருந்தை இரண்டு பெயரில் சாப்பிட்டுவிடுகிறார்கள். வெள்ளை மாத்திரை ஒன்று, வேறு நிறத்தில் கூட்டு மாத்திரை ஒன்று, இரண்டிலும் கிளிமிபிரைடு. நிறம் வேறு என்பதால் மருந்தும் வேறு என்று நினைத்துவிடுகிறோம்.

அக்கா இதுவரை பேனா ஊசி போட்டாள். இப்போது ஆஸ்பத்திரியில் பாட்டில் இன்சுலின் தருகிறார்கள். அளவு அதேதான், சுகர் மட்டும் கன்னாபின்னாவென்று ஏறுகிறது. இன்சுலின் வேலை செய்யவில்லை என்று நிறுத்தப் பார்க்கிறாள்.
*வாசகி, நாகர்கோவில்*

முதலில் சிரிஞ்சின் மூடியைப் பாருங்கள். நம் ஊரில் பாட்டில் இன்சுலின் பெரும்பாலும் மில்லிக்கு 40 யூனிட், பேனாவில் போடும் கார்ட்ரிட்ஜ் 100 யூனிட். 40க்கான சிரிஞ்சுக்குச் சிவப்பு மூடி, 100க்கானதற்கு ஆரஞ்சு மூடி. 40 பாட்டிலிலிருந்து ஆரஞ்சு மூடி சிரிஞ்சில் 20 என்ற கோடு வரை இழுத்தால் உள்ளே போவது 8 யூனிட்தான். அக்காவுக்கு இதுதான் நடந்திருக்க வாய்ப்பு. தலைகீழாகச் செய்தால் இன்னும் மோசம். 100 யூனிட் மருந்தைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் 20 வரை இழுத்தால் 50 யூனிட் போய்விடும். பாட்டில் மேல் எழுதிய எண்ணும் சிரிஞ்சு மேல் எழுதிய எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும், வேறு கணக்கு எதுவும் வேண்டாம்.

மூடி சரியாக இருந்தால் அடுத்து வயிற்றைத் தடவிப் பாருங்கள். வலிக்காத இடம் என்று ஒரே இடத்தில் குத்திக்கொண்டே இருந்தால் அங்கே கொழுப்புக் கட்டி திரளும். அதில் போடும் இன்சுலின் ஒரு நாள் ஏறும், ஒரு நாள் ஏறாது. கட்டியை விட்டு, ஒவ்வொரு முறையும் விரல் அகலம் தள்ளிப் போட வேண்டும். ஆனால் இதுவரை கட்டியில் போட்ட அதே அளவை நல்ல இடத்தில் போட்டால் சர்க்கரை சட்டென்று இறங்கும், அதனால் இடம் மாற்றும்போது அளவை டாக்டரிடம் கேட்டுக் குறைக்க வேண்டியிருக்கும்.

மூன்றாவது, வெண்மையாகக் கலங்கலாக இருக்கும் கலவை இன்சுலினை உள்ளங்கைகளுக்கு நடுவில் பத்து முறை உருட்டிக் கலக்கிவிட்டுத்தான் இழுக்க வேண்டும். குலுக்கினால் நுரை வரும். பிரிக்காத பாட்டில் பிரிட்ஜ் கதவுப் பக்கம், உறைபெட்டிக்குள் கூடாது. பிரித்ததை வெயில் படாத குளிர்ந்த இடத்தில் நாலு வாரம் வரை வைக்கலாம். பிரிட்ஜ் இல்லாத வீட்டில், ஈர மணலில் பதித்த மண்பானைக்குள் பாட்டிலைத் தண்ணீர் புகாதபடி பிளாஸ்டிக் டப்பாவில் மூடி வைப்பது நல்ல ஏற்பாடு.

நோன்பு மாதத்தில் மாத்திரையை என்ன செய்வது? கேட்டால் “நோன்பே பிடிக்காதீங்க” என்கிறார்கள். அதனால் கேட்பதையே விட்டுவிட்டேன்.
*வாசகர், கீழக்கரை*

ரமலானுக்கு ஒரு மாதம் முன்பே கேளுங்கள், “நோன்பு பிடிக்கத்தான் போகிறேன், மருந்தை அதற்குத் தகுந்தபடி மாற்றித் தாருங்கள்” என்று. இரண்டு வேளை கிளிமிபிரைடு, கிளிக்லசைடு எடுப்பவர்களுக்குப் பொதுவாகக் காலை அளவை நோன்பு திறக்கும்போதும், இரவு அளவில் பாதியை விடியலுக்கு முன் சாப்பிடும் சஹரிலும் தருவார்கள். மெட்பார்மினால் மட்டும் சர்க்கரை தாழ்வது அரிது, நேரம் மாற்றினால் பெரும்பாலும் போதும். இன்சுலின் போடுபவர்களும் கிட்னி பாதித்தவர்களும் தாமாக எதையும் மாற்றக் கூடாது. விரலில் குத்திச் சர்க்கரை பார்ப்பதால் நோன்பு முறியாது. 70க்குக் கீழோ 300க்கு மேலோ காட்டினால் அந்த நோன்பை விட்டுவிட வேண்டும். கந்த சஷ்டிக்கு ஆறு நாள் பட்டினி கிடப்பவர்களுக்கும் முன்கூட்டியே கேட்பது பொருந்தும்.

ஒரு வைத்தியர் தந்த பொடியைச் சாப்பிட்டு ஒரே வாரத்தில் சுகர் பாதியாகிவிட்டது. மாத்திரையை நிறுத்தலாமா?
*வாசகர், ஈரோடு*

ஆவாரம்பூவும் வெந்தயமும் ஒரு வாரத்தில் சர்க்கரையைப் பாதியாக்காது. அவ்வளவு வேகம் காட்டினால் சந்தேகப்பட வேண்டும். மூலிகைப் பொடி என்று விற்றவற்றில் கிளிபென்கிளமைடு, மெட்பார்மின் போன்ற சர்க்கரை மாத்திரைகள் கலந்திருந்தது பல நாடுகளின் ஆய்வகங்களில் பிடிபட்டிருக்கிறது. எந்த அளவு என்று தெரியாமல் அதே மாத்திரையைத்தான் பொடியாகத் தின்றுகொண்டிருக்கலாம். பொட்டலத்தை டாக்டரிடம் காட்டுங்கள். சித்த மருந்து வேண்டுமென்றால் அரசு ஆஸ்பத்திரியின் சித்தப் பிரிவு இருக்கிறது. அங்கேயும் என்ன மாத்திரை எடுக்கிறீர்கள் என்பதைச் சொல்லிவிடுங்கள்.

காலையில் போட்டேனா இல்லையா என்றே மறந்துபோகிறது. சில நாள் இரண்டு முறை போட்டிருப்பேனோ என்று பயம்.
*வாசகி, தூத்துக்குடி*

மருந்துக் கடையில் ஏழு நாளுக்கு அறை பிரித்த மாத்திரை டப்பா கிடைக்கும். ஞாயிற்றுக்கிழமை நிரப்பி, சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் வையுங்கள், பீரோவில் வேண்டாம். டப்பா இல்லாவிட்டால் பேனாவை எடுத்து அட்டையின் ஒவ்வொரு குழிக்கும் பின்னால் தி, செ, பு என்று கிழமையை எழுதிவிடுங்கள். செவ்வாய்க் குழி காலியாக இருந்தால் செவ்வாய் போட்டாயிற்று.

விட்டுப்போனது தெரிந்தால், மெட்பார்மின் என்றால் அடுத்த சாப்பாட்டோடு வழக்கமான அளவு மட்டும், இரண்டாகச் சேர்த்து வேண்டாம். கிளிமிபிரைடை மறந்துவிட்டு ராத்திரி படுக்கப் போகும்போது ஞாபகம் வந்தால் அன்றைக்கு அதை விட்டுவிடுங்கள். போட்டோமா இல்லையா என்றே தெரியாத நாளிலும் அப்படித்தான். ஒரு வேளை விட்டால் சர்க்கரை கொஞ்சம் ஏறும், இரண்டு தடவை போட்டால் மயக்கம் வரும்.